நமுனுகுல மலையில் ஒரு புகைப்படம்

பதுளை நகரத்துக் கடைவீதியில் நின்று தென்கிழக்குத் திசையை நோக்குவோர்க்கு ஒரு மலைத்தொடர் தெரியும். அதிகாலையில் நீலமாகவும், உச்சிப்பொழுதில் கரும்பச்சையாகவும், மாலையில் மேகத்தினுள் பாதி மறைந்தும் நிற்கும் அம்மலையே நமுனுகுல. ஒன்பது சிகரங்கள் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2036 மீற்றர் உயரம். எம் பாட்டன்மார் கணக்கில் சொன்னால் 6,600 அடிக்கு மேல். அவ்வொன்பது சிகரங்களையும் எண்ணிவிட வேண்டுமென்று சிறு வயதில் நாம் பலமுறை முயன்றதுண்டு. ஒருமுறையேனும் கணக்குச் சரிவந்ததில்லை. எட்டுக்கு மேல் போகாது. இதனை எம் தந்தையாரிடம் முறையிட்டபோது அவர் சிரித்தார். "ஒன்பதாவது மலை மேலதான் நீ நிக்கிற. நிக்கிறவன் கண்ணுக்கு அவன் நிக்கிற மலை தெரியாது, ராசா" என்றார்.

அந்தத் தந்தையாரைப் படம் பிடிப்பதற்காகச் சென்ற ஆவணி மாதத்தில் நாம் மேற்கொண்ட சிறு பயணத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். படம் பிடிப்பது ஒரு கணநேர வேலை. அக்கணத்தை அடைவதற்கு எமக்கு மூன்று நாட்கள் பிடித்தன. ஏன் அவ்வாறாயிற்று என்பதைச் சொல்வதானால், மலைநாட்டின் நூறாண்டுக் கதையிற் சிறிதளவாவது சொல்லியாக வேண்டும்.

போகவந்தலாவையில் ஒரு கல்லறை

இவ்வெண்ணம் எமக்கு உதித்த இடம் நமுனுகுல அன்று. கல்லூரி மாணவரை அழைத்துக்கொண்டு கல்விச் சுற்றுலாவாகப் போகவந்தலாவைக்குச் சென்றிருந்தோம். அங்குள்ள புனித மரியாள் ஆலயத்தின் வளவில், தேயிலை மலைகளைப் பார்த்தபடி, ஓர் ஆங்கிலக் கணவனும் மனைவியும் துயில்கின்றனர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன்.

வரலாறு கற்கும் மாணவர் யாவரும் கணவரின் பெயரை அறிவர். 1830ஆம் ஆண்டில் கோல்புறூக்குடன் சேர்ந்து இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய வந்த விசாரணையாளர் அவரே. அவ்விசாரணையின் பயனாக 1832இல் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறை ஒழிக்கப்பட்டது. 1833இல் நீதிபரிபாலனம் சீர்திருத்தப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கிக் கூலிக்கு ஆள் பிடிக்கும் காலம் வந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. மலைநாட்டுக் கிராமத்தார் தம் வயலை விட்டுத் தோட்டத்துக்கு வர விரும்பாமையால், கடல் கடந்து தமிழ்நாட்டு மக்கள் அழைத்து வரப்பட்டனர். எனவே எம் முன்னோரின் பயணத்திற்கும் அக்கல்லறையில் துயிலும் கனவானுக்கும் தூரத்துத் தொடர்பு ஒன்று உண்டு என்று மாணவருக்குச் சொன்னோம்.

ஆயினும் மனைவியாரின் கதையே அவர்களைப் பெரிதும் கவர்ந்தது. ஜூலியா அம்மையார் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயது வரை கமராவைத் தொட்டறியாதவர். 1863இல் அவருடைய மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்காக ஒரு கமராவைப் பரிசளித்தனர். அதன் பின்னர் பதினைந்து ஆண்டுகளுக்குள் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞருள் ஒருவராக அவர் உயர்ந்தார். அக்காலத்தில் ஒரு படத்துக்காகச் சில நிமிடங்கள் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். வெண்தாடி படர்ந்த தம் முதிய கணவரை அவர் பலமுறை அவ்வாறு அமர்த்திப் படம் பிடித்தார். 1874இல் எடுத்த ஒரு படத்தில் அம்முதியவர், ஆங்கிலக் கதைகளில் வரும் மெர்லின் என்ற மந்திரவாதியாக வேடமிட்டுக் காட்சி தருகிறார்.

1875ஆம் ஆண்டில், கணவருக்கு எண்பது வயதானபோது, இருவரும் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கே வந்து சேர்ந்தனர். அவர்களுடைய புதல்வர் சிலர் அப்போது இங்கே வாழ்ந்தனர். வரும்போதே தமக்கான சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி வந்தனர் என்றொரு கதை உண்டு. அம்மையார் 1879இலும் கணவர் 1880இலும் இம்மலைநாட்டிலேயே மறைந்தனர். சீமையிலே சுகமாக வாழ்ந்திருக்கக் கூடியவர்கள், தள்ளாத வயதில் ஏன் இவ்வாறு கடல் கடந்தார்கள் என்று அக்காலத்தவர் வியந்திருப்பர்.

இலங்கையில் அம்மையார் எடுத்த படங்களுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றிலே இந்நாட்டு எளிய மக்களின் முகங்களும், தோட்டத்துத் தமிழரின் முகங்களும் உள்ளன. இதனைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அந்தத் தாத்தாவுக்குப் பேரும் இருக்கு, வேசத்துக்கும் பேர் இருக்கு. நம்ம ஆட்களுக்கு மட்டும் பேர் இல்லையா?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அக்காலத்துப் படங்களிலும் பின்னர் வந்த அஞ்சலட்டைகளிலும் எம்மவர் "கூலிகள்" என்றும் "கொழுந்து பறிப்போர்" என்றும் குறிக்கப்பட்டனரேயன்றிப் பெயர் சுட்டப்பட்டது மிக அரிது. திரும்பும் வழியில் பேருந்தில் எமக்கு உறக்கம் வரவில்லை. தொண்ணூறை நெருங்கும் எம் தந்தையாருக்கும் தேசிய அடையாள அட்டையிலுள்ள மங்கிய படத்தைத் தவிர வேறு படம் இல்லை என்பது அப்போதுதான் எம் நெஞ்சில் உறைத்தது. ஆங்கிலத்தி ஒருத்தி தன் கணவருக்குச் செய்ததை, கையிலே கமராவுடன் திரியும் இக்காலத்தில், பட்டம் பெற்ற மகன் தன் தந்தைக்குச் செய்யவில்லை!

பசறைப் பாதை

பதுளையிலிருந்து நமுனுகுலைக்குச் செல்லப் பசறை வழியே பேருந்து ஏற வேண்டும். இல்லத்தரசியும், உயர்தர வகுப்பில் பயிலும் மகளும் உடன் வந்தனர். நகரம் நீங்கியதும் பாதை வளையத் தொடங்கும். ஒரு புறம் பாறை, மறுபுறம் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் மட்டக்கம்பு வைத்து நிரவியது போன்ற தேயிலை. பசறையில் இறங்கிப் பிளேன் டீ அருந்தி, வேறு பேருந்தில் மேலே ஏறினோம். ஏற ஏறக் காற்று வலுத்தது.

ஊவாவின் காற்றைப் பற்றி வாசகர் அறிந்திருப்பது நன்று. ஹற்றன், நுவரெலியா பக்கத்தில் தென்மேற்கு மழை கொட்டும் ஆடி ஆவணி மாதங்களில், மலைமுகட்டைத் தாண்டி எம் பக்கம் வருவது மழையன்று. ஈரத்தை அப்பாலே கொட்டிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று. அக்காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை தேயிலைக் கொழுந்து மெல்ல வளரும். வாட்டத்தினால் அதில் தனி மணம் ஏறும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவது இவ்வாட்டமே. செடியை வாட்டும் காற்றே அதற்கு மணத்தையும் தருகிறது என்பதை வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கிறோம். எம்மக்களின் வாழ்வுக்கும் அது பொருந்துமென்று சொல்லத் துணிந்ததில்லை. ஏனெனில், மணம் பிறருக்குப் போயிற்று, வாட்டம் மட்டுமே அவர்களிடம் தங்கிற்று.

பேருந்து நிறுத்தத்திலிருந்து குறுக்குப் பாதையால் ஏறினால் அரைமணி நடை. பெரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, மாரியம்மன் கோயில் இவற்றைக் கடந்தால், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் லயம். அதன் தொங்கல் வீடு எம் தந்தையாருடையது.

தொங்கல் வீட்டுப் பெரியவர்

தந்தையார் 1936இல் திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். மூன்று வயதில், பெற்றோரின் தோளில் அமர்ந்து கடல் கடந்தார். மண்டபத்து முகாம், தலைமன்னார்த் துறை, அங்கிருந்து கோச்சி, பதுளைப் புகையிரத நிலையம், பிறகு கால்நடை. 1924ஆம் ஆண்டிலேயே பதுளைக்குப் புகையிரதம் வந்துவிட்டமையால், அவருடைய பாட்டனார் காலத்தவர் போல் காட்டு வழியில் நடந்து மாளவேண்டிய நிலை இருக்கவில்லை. அதே 1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. கதவு மூடுமுன் உள்ளே நுழைந்த கடைசிக் கூட்டத்துள் அவரும் ஒருவர்.

அவருடைய வாழ்க்கை ஊரார் வாழ்க்கை போன்றதன்று. கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் அவருக்கு நிகரில்லை என்று பெயர் எடுத்தும், கங்காணி வேலை தேடி வந்தபோது மறுத்தார். "ஆளை ஏசாமக் கங்காணி வேலை பார்க்க முடியாது, எனக்கு ஏச வராது" என்பது அவர் சொன்ன காரணம். இருபது வயதுக்கு மேல், தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியரிடம் இரவில் எழுத்துக் கற்றார். அன்றுமுதல் மாலைதோறும் இஸ்தோப்பில் அமர்ந்து, லயத்தாருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவதைக் கடமையாகக் கொண்டார். நாற்பதாவது வயதில்தான் மணம் புரிந்தார். அன்னையார் மறைந்த பின்னரும் எம்முடன் நகரத்துக்கு வர மறுத்து, தாமே சமைத்து, தம் சட்டையைத் தாமே தைத்து, தனியே வாழ்கிறார். மாதம் ஒருமுறை பசறைக்கு இறங்கி ஒரு கடிதம் தபாலிற் சேர்ப்பார். அது நீலகிரிக்குச் செல்லும் கடிதம். ஊரார் அவரைப் "பைத்தியக்காரப் பெருசு" என்று அன்போடும், சில வேளைகளில் அன்பின்றியும் சொல்வதுண்டு.

நாம் போய்ச் சேர்ந்தபோது அவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பேத்தியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தேத்தண்ணியும் ரொட்டியும் மாசிச் சம்பலும் ஆனபின், மெல்லக் கமராவை வெளியே எடுத்தோம்.

அவர் முகம் மாறிற்று.

"இது எதுக்கு?"

"உங்களை ஒரு படம் எடுக்கணும், அப்பா."

"வேணாம்."

"ஏன் அப்பா?"

அவர் மலையைப் பார்த்தபடி சொன்னார்: "இந்தத் தோட்டத்துல படம் புடிச்ச ஆளு ஒருத்தர் மிஞ்சுனது இல்ல. படம் புடிச்சவங்க எல்லாம் கப்பல் ஏறிட்டாங்க. இப்ப நீ கமராவோட வந்து நிக்கிற. என்னையக் கூட்டிட்டுப் போகத்தானே வந்த?"

எமக்கு நாவெழவில்லை. உண்மை அதுவே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியதை ஊவாவில் எவரும் மறக்கவில்லை. அதன் பின்னர் எத்தனையோ லயங்கள் மண்சரிவு அபாயப் பட்டியலில் ஏறின. தந்தையாரின் லயத்திலும் ஐப்பசி மழைக்கு முன் எழும்ப வேண்டுமென்ற அறிவித்தல் வந்திருந்தது. அவரை அழைத்துச் செல்லும் எண்ணத்தோடே வந்தோம். போகுமுன் லயத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துவிடலாம் என்பதே எம் திட்டம். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. எம்மிடமே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. கமராவைக் கண்ட மாத்திரத்தில் அவர் அறிந்துகொண்டார்.

துணிக்குப் பின்னே

அன்றிரவு இல்லத்தரசி உறங்கிய பின், தந்தையார் தகரப் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்து, விளக்கொளியில் எம்மிடமும் மகளிடமும் காட்டினார். நாம் அதுவரை கண்டிராத படம். ஓர் ஆணும் பெண்ணும் வாங்கிலே விறைத்து அமர்ந்திருக்கின்றனர். பின்னே ஒரு வெள்ளைத் துணி. எம் பாட்டனாரும் பாட்டியாரும்!

இளைய வாசகருக்காகச் சில ஆண்டுகளைக் குறிப்பிடுகிறோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என முடிவாயிற்று. 1974இல் அந்த எஞ்சியோரையும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். கணக்கில் அது எளிய வகுத்தல். லயத்திலோ, ஒரே அடுப்பில் உண்டவர் இரு நாட்டவராயினர். தலைமன்னாருக்கு ஆளேற்றிச் சென்ற வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் "ஒப்பாரிக் கோச்சி."

பாட்டனாரும் பாட்டியாரும் மூத்த மகனோடு இந்தியாவுக்கு விண்ணப்பித்தனர். எம் தந்தையார் ஒருவர் மட்டும் இலங்கைக்கு விண்ணப்பித்தார். பெற்றோரை அனுப்பிவிட்டுத் தான் நிற்பவன் மகனா என்று லயமே ஏசிற்று. அவருக்கென்று பேசியிருந்த பெண்ணின் வீட்டாரும் அக்கரைக்கு எழுதிக் கொடுத்தனர்; சம்பந்தம் முறிந்தது.

"ஏன் அப்பா நின்னீங்க?" என்று அன்றிரவு முதன்முறையாகக் கேட்டோம்.

"மூணு வயசுல தூக்கிட்டு வந்தாங்க. அப்ப என்னையக் கேக்கல. முப்பத்தஞ்சு வயசுல திரும்பவும் தூக்கிட்டுப் போகப் பார்த்தாங்க. அப்பவாவது கேட்டிருக்கணுமில்ல? கேட்ட மாதிரி நெனச்சுக்கிட்டு, இல்லன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

பிறகு அப்படத்தின் கதையைச் சொன்னார். 1971ஆம் ஆண்டு. கடவுச்சீட்டுக்குப் படம் பிடிப்பதற்காகப் பதுளையிலிருந்து படக்காரர் தோட்டத்துக்கே வந்தார். லயச் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி, குடும்பம் குடும்பமாக அமர்த்தினார். அதுவும் கச்சான் காலம். துணி காற்றில் பறந்துகொண்டே இருந்தது. யாராவது பின்னே நின்று பிடியுங்கள் என்றார் படக்காரர். போகாதவன் நான் ஒருவன்தானே என்று தந்தையார் துணியின் பின்னே போய் நின்றார். அன்று அந்த லயத்தில் படம் பிடித்த பதினான்கு குடும்பங்களுக்கும் அவரே துணி பிடித்தார்.

மகள் படத்தை விளக்கருகே கொண்டுபோய் உற்று நோக்கினாள். "தாத்தா, இது உங்க கையா?" என்றாள். துணியின் மேல்விளிம்பில், பாட்டியாரின் தலைக்கு மேலே, நான்கு விரல் நுனிகள் தெரிந்தன.

"ஆமா. அது நான்தான்" என்றார் தந்தையார்.

பாட்டனார் 1981இல் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டரசு அமைத்த தேயிலைத் தோட்டமொன்றில் காலமானார். செய்தி வந்து சேர்ந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது. தந்தையார் அப்போது எந்நாட்டுப் பிரசையுமல்லர், கடவுச்சீட்டுக்கு வழியில்லை. கொள்ளி வைக்க மூத்த மகன் இருந்தார் என்று ஊரார் ஆறுதல் கூறினர். 1984இல் போர் காரணமாகத் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. 1988ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னரே அவர் இலங்கைப் பிரசையானார். அப்போது அடையாள அட்டைக்கு எடுத்ததுதான் அவருடைய ஒரே படம். நாடற்றோர் என எஞ்சியிருந்த ஏனையோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

மரங்களுக்குப் பெயர்

மறுநாட் காலையில் தாத்தாவும் பேத்தியும் லயத்துக்குக் கீழேயுள்ள ஓடைக்கரைக்கு இறங்கினர். நாமும் பின்தொடர்ந்தோம். அங்கே ஒரு சிறு சோலை. பலா, மா, நாரத்தை, கொய்யா, கித்துள் எனப் பலவகை மரங்கள். அது தந்தையாரின் தோட்டம் என்பதை அறிவோம். சிறு வயதில் அங்கே கொய்யா பறித்ததும் உண்டு. ஆனால் அம்மரங்களுக்குப் பெயருண்டு என்பதை அறியோம், அறியக் கேட்டதுமில்லை. பேத்தி கேட்டாள்.

ஒவ்வொரு குடும்பம் கோச்சி ஏறிய மழைக்காலத்திலும் ஒரு கன்று நட்டாராம். போகுமுன் அவ்வீட்டார் கையாலேயே விதையோ கன்றோ வாங்கி நட்டதுமுண்டு. ஒவ்வொரு மரத்தையும் தொட்டு, அது எந்த வீடு, அவ்வீட்டில் யார் யார், எந்தக் காம்பராவில் இருந்தனர், எங்கே போய்ச் சேர்ந்தனர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோத்தகிரி, கூடலூர், வால்பாறை, திருச்சி. பதினான்கு மரங்களில் மூன்று பட்டுவிட்டன. அவற்றின் இடத்தையும் காட்டி, அவ்வீட்டாரின் பெயரையும் சொன்னார். நடுவே நின்ற பெரும் பலா எம் பாட்டனாருடையது.

"மரம் நின்னா மண்ணு நிக்கும். இந்தப் பக்கம் இன்னும் சரியல, பாரு" என்றார்.

மகள் அனைத்தையும் எழுதிக்கொண்டாள். பின்னர், "தாத்தா, மரத்தைப் படம் புடிக்கலாமா? மரம் எங்கேயும் போகாதுதானே?" என்று கேட்டாள்.

அதற்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு மரமாகப் படம் பிடித்தாள். எந்த மரம் எதுவெனப் பின்னர் மாறிவிடக் கூடாதென்று, தாத்தாவின் கையை அம்மரத்தின் மேல் வைக்கச் சொன்னாள். பதினோரு மரங்களிலும் அவர் கை விழுந்தது. சிலவற்றில் தோளும், ஒன்றிரண்டில் முகமும் விழுந்தன. அவரும் கண்டும் காணாதவர் போல் இருந்தார்.

அன்று மாலை, சமிக்ஞை கிடைக்கும் கோயிற் பாறைக்கு ஏறி, பெரும் பலாவின் படத்தைக் கூடலூரிலிருக்கும் பெரியப்பாவின் பேரனுக்குக் கைப்பேசி வழியே அனுப்பினாள். கடிதமென்றால் வாரக்கணக்கிற் செல்லும் தூரத்தை அப்படம் கணப்பொழுதிற் கடந்தது. சிறிது நேரத்தில் மறுமொழி வந்தது. அவர்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு பலாவாம். பாட்டனார் கப்பலில் மடியிற் கட்டிக் கொண்டுபோன விதையில் வந்ததாம். அம்மரத்தின் படமும் கூடவே வந்தது. அதனடியிலே ஏழெட்டுப் பேர் நின்று கையசைத்தனர்.

தந்தையார் அதனை வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, நீர் வழிந்தபடியே இருந்தது. "அந்தாளு என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். தம் தந்தையாரைத்தான் அவ்வாறு சொன்னார்.

பிறகு கேட்டார்: "என் படத்தையும் இப்பிடி அனுப்பலாமா?"

"அனுப்பலாம், தாத்தா."

"அப்ப படம் மட்டும் போகும். நான் போக வேணாம்."

"வேணாம், தாத்தா."

"சரி. நாளைக்கு எடு."

அரை நிமிடம்

மூன்றாம் நாள் விடியலில் எழுந்து நீராடி, நீறணிந்து, வெள்ளை வேட்டியும் பழைய கறுப்புக் கோட்டும் தரித்து, தலைப்பாகை கட்டி இஸ்தோப்பில் வந்து நின்றார். ஓடைக்கரையிலே பலாவின் கீழ் வாங்கு போடப்பட்டது. மகள் கமராவை எடுத்தாள். அவர் கையுயர்த்தித் தடுத்தார்.

"பின்னால வெள்ளைத் துணி எங்க? துணி இல்லாம என்ன படம்?"

மலையும் மரமும் தெரிந்தால் அழகாயிருக்குமே என்று நாம் சொல்லிப் பார்த்தோம். அவர் இசையவில்லை. தம் நெற்றி வேட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். அதனைக் கிளையிற் கட்டினோம். கச்சான் காற்று விடுமா? பாய்போல் உப்பி, தலைப்பாகையில் மோதிற்று.

"யாராச்சும் பின்னால நின்னு புடிங்க" என்றார் தந்தையார்.

நாம் போய்த் துணியின் பின்னே நின்றோம்.

அங்கிருந்து அவரைக் காண முடியவில்லை. கண்ணெதிரே வெள்ளைத் துணி. அதன்மேல் பலா இலைகளின் நிழல். முன்புறத்தில் மகளின் குரலும் தந்தையாரின் சிரிப்பும் கேட்டன. துணி இழுத்த இழுப்பில் கைகள் கடுத்தன. பதினான்கு குடும்பங்களுக்கும் இவ்வாறு கையுயர்த்தி நின்ற முப்பத்தைந்து வயது இளைஞர் துணிக்குப் பின்னே என்ன நினைத்திருப்பார் என்பதை, வரலாறு கற்பிக்கும் நாம் அன்றுதான் சிறிது உணர்ந்தோம். தாமும் தம் பெற்றோரும் ஒரு முழத் தொலைவில். இடையிலே ஒரு துணி. அவர்கள் முகத்தை அவர் காணவில்லை. காற்றில் துணி பறவாமல் பார்த்துக்கொண்டார். மகன் கடமையில் தவறினான் என்று ஊர் சொன்னதே, அது எத்துணைத் தவறு!

படம் நன்றாகவே வந்தது. தந்தையார் நிமிர்ந்து அமர்ந்து நேரே பார்க்கிறார். துணியின் மேல்விளிம்பில் எம் விரல் நுனிகள் தெரிகின்றன. வெட்டி நீக்கிவிடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாமென்றோம்.

அப்படத்தின் பின்புறத்தில் அவர் பெயர், பிறந்த ஆண்டு, வந்த ஆண்டு, செய்த தொழில், வாழும் மலை அனைத்தையும் மகள் தன் கையால் எழுதியிருக்கிறாள். பதினோரு மரங்களின் படங்களிலும் குடும்பப் பெயர்கள் உள்ளன. பட்டுப்போன மூன்று மரங்களின் பெயர்கள் ஒரு தனித்தாளில் உள்ளன.

தந்தையாரோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் கூறி முடிக்கிறோம். ஐப்பசி தொடங்கித் தை முடிய, மழையும் மண்சரிவும் அஞ்சப்படும் நாலு மாதங்கள் எம்மோடு பதுளையில் இருப்பார். மாசி பிறந்ததும் மலைக்குத் திரும்புவார். லயத்தார்க்குப் பாதுகாப்பான இடத்தில் வீடு அமைந்தபின், அங்கே அவருக்கு ஓர் அறை. ஓடைக்கரைத் தோட்டத்தை வார இறுதிகளிற் பார்ப்பது எம் பொறுப்பு. இவ்வொப்பந்தத்தை அவரைக் கேட்டே செய்தோம். இம்முறை கேட்டார்கள் என்பதிலே அவருக்கு மெத்த மகிழ்ச்சி.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். இன்று எவர் கையிலும் கமரா உண்டு. ஒரு நாளைக்கு நூறு படம் பிடிக்கிறோம். அவற்றுள் ஒன்றையேனும் அம்முதியவருக்காகப் பிடியுங்கள். பிடிக்குமுன் அவரைக் கேளுங்கள். பிடித்தபின் பெயரை எழுதுங்கள். போகவந்தலாவையில் துயிலும் அம்மையார் காலத்தில் எழுதப்படாது போன பெயர்களை இனி எவராலும் எழுத இயலாது. உங்கள் வீட்டுப் பெயரை இன்றைக்கும் எழுதலாம்.

கீழிறங்கும் பேருந்தில், பசறைத் திருப்பத்தில் மேகம் விலகிற்று. மகள் விரல்விட்டுச் சிகரங்களை எண்ணினாள். இம்முறை நாம் மலையை விட்டு இறங்கியிருந்தோம். ஆகவே ஒன்பதும் தெரிந்திருக்க வேண்டும். எட்டுதான் என்றாள். தாத்தா நிற்கும் மலையை மேகம் மூடியிருந்தது.